ஊதாத் துணி மூடிய டேப் ரிக்கார்டர்

என் ஓரகத்தி மிக்கேலம்மாள் பாடமாட்டாள். கோயிலில் பாட்டு வந்தால் உதடு மட்டும் அசையும். கல்யாணத்துக்கு முன் அவள் பேர் தீர்த்தம்மாள். என் கொழுந்தன் ஞானராஜைக் கட்டத்தான் ஞானஸ்நானம் வாங்கினாள். மூன்று பிள்ளைகள், ஒன்றரை ஏக்கர் மானாவாரி, கடலைக்காய், கேழ்வரகு. இவ்வளவுதான் அவள் என்று எண்பத்து நாலாம் வருஷம் வரை நினைத்திருந்தேன்.

நான் அப்படியில்லை. பெரிய வெள்ளிக்கிழமை இயேசுவின் சாவுக்கு அழுது பாடும் புலம்பலின் முதல் வரியை எங்கள் கோயிலில் இருபது வருஷமாக நான் ஒருத்திதான் எடுத்தேன்.

அந்த மாசியில் ஞானராஜ் பெங்களூர் கட்டட வேலையிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டரோடு வந்தான். காரிமங்கலம் சந்தையில் தார்ப்பாயில் குவித்து விற்ற கேசட்டுகளில், மாதா படம் போட்ட ஒன்றை மிக்கேலம்மாள் பொறுக்கி வந்தாள். மங்கலான அட்டை, பாடினவர்கள் பேர்கூட இல்லை. உள்ளே லத்தீன் பூசைப் பாட்டு, ஐம்பது பேராவது சேர்ந்து பாடுவது. நான் சிறுமியாக இருந்தபோது லத்தீனில்தான் பூசை. அந்த வார்த்தைகள் எனக்குத் தெரியும். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

விதைக்கடலை உரித்துக்கொண்டே கேட்டோம்.

"ஒரே இரைச்சலு. தகரத்துல மழை பேயற மாதிரி," என்றேன்.

"அந்த மழைக்குள்ள கேளுங்கக்கா. ஒரு அம்மாவுக்கு மூச்சு முட்டுது. பக்கத்துல இருக்கறவ கீழேருந்து தாங்கிக்கறா. அந்தம்மா மூச்சு வாங்கிட்டு மறுபடி வந்து சேந்துக்கறாங்க."

"எங்க புள்ள?"

"போயிருச்சுங்க." திரும்பச் சுற்றிப் போட்டாள். அப்போதும் எனக்கு மழைதான்.

வீடு சந்திக்க வந்த பங்குச் சாமியார் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கேசட்டை மூன்று தரம் போடச் சொன்னார். "ஆமா, இருக்குது," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மதலேனம்மா, இவங்களுக்கு நல்ல காது. இந்த வருஷம் புலம்பலை ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிங்க," என்றார்.

நேற்றுவரை சிலுவை அடையாளம் போடத் தடுமாறியவள். அன்று முழுக்க அவள்மேல் எரிந்துகொண்டிருந்தேன். என் புலம்பலில் அவளுக்குப் பங்கு போனதற்காகக்கூட இல்லை. அந்த மழைக்குள் அவளுக்குக் கேட்டது எனக்குக் கேட்கவில்லையே என்பதற்காக.

தபசு காலத்தில், பெரிய வெள்ளிக்கு முன்னால், கோயில் சுரூபங்களை, மாதா சிலை உட்பட, ஊதாத் துணியால் மூடுவது வழக்கம். மிஞ்சிய துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"மாதாவையே மூடிட்டோம். உன் வூட்டுப் பாட்டுப் பெட்டி மட்டும் தொறந்து கெடக்கலாமா?"

"அய்யோ, எனக்குத் தெரியாதுங்கக்கா." அவளே துணியை வாங்கிப் போர்த்தினாள்.

"கேசட்டு ஈஸ்டர் வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்."

அதையும் கொடுத்தாள். அதைப் போட்டுக் கேட்க என்னிடம் பாட்டுப் பெட்டி இல்லை; கேசட்டை அரிசிப் பானைக்குள் வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் போனால், மூடிய பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து கடலை உரிக்கிறாள். தலை மெல்ல ஆடுகிறது.

"என்ன புள்ள?"

"மனசுல ஓடுதுங்க. அந்தம்மா வர்ற எடம் இப்பத்தான்."

பானைக்குள் வைத்து என்ன பிரயோசனம்?

பெரிய வெள்ளியன்று மணியும் ஆர்மோனியமும் கிடையாது, மரக்கட்டைச் சத்தம்தான். "உனக்கு வரிங்க சரியா வராது, பின்னால நில்லு," என்று மிக்கேலம்மாளிடம் சொல்லிவிட்டு நானே ஆரம்பித்தேன். ஒருசந்தி இருந்த வெறும் வயிறு. மூன்றாம் அடியில் மேலே ஏறும் இடத்தில் மூச்சு நின்றுவிட்டது.

பாட்டு நிற்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால், கீழ்க் குரலில், ஒருத்தி அதே வரியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

வெளியே வந்ததும் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வியாகுலம், "இத்தனை வயசுலயும் கொரலு ஒரு எடத்துலயும் அறுபடலீங்களே அக்கா," என்றார். மிக்கேலம்மாள் பக்கத்தில் நின்று பிள்ளைக்கு மூக்கைச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

ஈஸ்டர் பூசைக்கு முன் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கேசட்டை ஒளித்ததைச் சொன்னேன். பூசை முடிந்ததும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, துணியை நானே எடுத்தேன்.

"அந்த மூச்சு முட்டற அம்மா எங்க வர்றாங்க, காட்டு."

போட்டாள். விரலைத் தூக்கிக் காத்திருந்தாள். "இப்ப."

கேட்டது. பொறாமை தீர்ந்ததா என்றால் இல்லை, கூடத்தான் ஆனது. புலம்பலுக்கு என்னோடு முன்னால் வந்து நில் என்று அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு தபசு காலம் பிடித்தது.