சூளையின் மேல்பக்க ஈரம்

அப்பாவு விஜயபுரத்துக்காரன். அப்பன் பாட்டன் காலத்தில் ஒரு காணி நிலம் கிடையாது; ஊரார் வேர்க்கடலையைக் காயவைத்தே வளர்ந்தவன். இப்போது பீருக்கு பார்லி மால்ட் காயவைக்கும் கம்பெனியில் சூளை பார்க்கிறான். முளைவிட்ட பார்லி ஓட்டைத் தகட்டின் மேல் முழங்கால் உயரத்துக்குப் பரந்திருக்கும். கீழிருந்து அனல் காற்று ஏறும். உதிர்ந்த முளைவேரை மாட்டுத் தீவனத்துக்கு மூட்டை பிடிக்கிறவள் நான். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

போன மாதம் அவன் கையில் ஒரு சூளை மால்ட் வீணாயிற்று. "இன்னொண்ணு போச்சுன்னா கேட்டுக்கு வெளியதான்" என்று மேனேஜர் ஹரிபாபு சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பாவுவுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த மாதம் ஒருநாள் மத்தியானம் நல்ல மழை. தானியத்தில் ஈரம் போனபிறகு, ஆவி வெளியேறும் மேல்கதவை மூடி, அந்தச் சூட்டுக் காற்றையே திரும்பச் சுற்றவிட்டால் கேஸ் செலவு மிச்சம். ஈரத்தோடு மூடி அனலைக் கூட்டினாலோ தானியம் வெந்துபோகும், பீருக்கு ஆகாது. அப்பாவு கையை அடிவரை விட்டு ஒரு பிடி எடுத்தான், காதருகே குலுக்கினான். கலகலவென்றது. கதவை மூடிச் சூட்டைக் கூட்டினான்.

கொஞ்ச நேரத்தில் எனக்குத் தானியம் அவிகிற வாசனை அடித்தது.

"இன்னாடா அப்பாவு, வேவுற வாசனை வருது?"

"நீ மூட்டைய கட்டு ஆயா. அடியில கைய வுட்டு பாத்துட்டேன்."

"வெயில்ல காயுற வேர்க்கல்லைக்குத்தான்டா அடியில ஈரம். இங்க அனலே அடியிலேர்ந்து வருது. மேல தொட்டுப் பாரு!"

"மேனேஜருக்கு மேல மேனேஜரு நீ!"

"திட்டிக்கோ. நீ தொடாம நான் நகர மாட்டேன்."

தொட்டான். தானியம் ஈரமாக விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய்க் கதவுச் சங்கிலியைப் பிடித்தான்; நானும் சேர்ந்து இழுத்தேன். ஆவி குபுகுபுவென்று வெளியேறியது.

"யார்கிட்டயும் சொல்லாத ஆயா. உன் கால்ல வுழறேன்."

"கெட்டது நல்லதுல கலந்தா மொத்தமும் போவும். மேனேஜருக்கு நீயே போன் போடு."

போட்டான். "சார், மூடிட்டேன் சார்… இருவது நிமிசம்… தப்புதான் சார்." அந்தப் பக்கம் தெலுங்கில் வசவு விழுந்தது. அவன் சுவரோரம் குந்திவிட்டான்.

லேப் பத்மினி வந்து மேலே ஒரு டப்பா, அடியில் ஒரு டப்பா தானியம் சோதிக்க எடுத்துப்போனாள். திரும்பிவரும்வரை அப்பாவு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மேலே ஒரு சாண் தவிர மிச்சமெல்லாம் தப்பித்தது. அந்த ஒரு சாணை அவனே வாரி ஒதுக்கினான்.

ஹரிபாபு வந்து பார்த்தார். "நாளைக்கு உனக்கு எத்தனை மணி ஷிஃப்ட்?"

"ஆ… ஆறு மணி சார்."

"வந்துடு."

மறுநாள் அவன் ஐந்துக்கே கேட்டில் நின்றதாக வாட்ச்மேன் சொன்னான். ஷிஃப்ட் பட்டியலில் தன் பெயரை அடித்துவிட்டார்களோ என்று ரெண்டு தடவை கேட்டானாம்.