இருவாச்சி போஸ் கொடுக்கவில்லை

இந்தப் பதிவில் படம் கிடையாது. கடைசிவரை தேடிப் பார்த்துவிட்டுத் திட்டாதீர்கள், முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் இல்லை என்று சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

போன வருடம் மார்ச் முதல் வாரத்தில் வால்பாறைக்குப் போனோம். நான் விலங்கியல் மூன்றாம் ஆண்டு. கூட வந்த ஷபானா ராயப்பேட்டைக்காரி, பி.காம். கல்லூரியில் புகைப்படக் கண்காட்சி வைத்திருந்தார்கள். அடையாற்றுக் கொக்கை எல்லோரும் எடுப்பார்கள், நான் மலை இருவாச்சிப் பறவையை எடுத்துக் காட்டுகிறேன் பார் என்று எனக்கு வீம்பு. மயிலாப்பூரில் என் மாமா கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் இருக்காது என்பதால் அவர் கேமரா சும்மா கிடந்தது. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டேன். ஷபானாவுக்கு ரம்ஜான் நோன்பு. "பயணத்துல வுட்டுட்டு அப்புறம் வெச்சிக்கலாம், ஆனா நான் வுட மாட்டேன்" என்றுவிட்டாள்.

சென்ட்ரலில் இரவு ரயில் ஏறினால் காலை ஐந்தரைக்குக் கோவை. உக்கடத்தில் இருந்து பொள்ளாச்சிக்கு ஒன்றே கால் மணி நேரம். அங்கிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர், நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், மூன்று மணி நேரம். வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையைப் பிடியுங்கள். நான் பிடிக்கவில்லை, பதினேழாவது வளைவில் அனுபவித்தேன். விடுதி அறை ஒரு நாளைக்கு 900 ரூபாய். மறுநாள் காலைக்கு ஜீப் 1,800 பேசினோம்.

ஆறேகாலுக்குக் கிளம்பி, ஏழு மணிக்கு ஒரு எஸ்டேட் சாலையில் நின்றோம். எந்த எஸ்டேட் என்று கேட்காதீர்கள். மேட்டில் ஒரு பெரிய மரம், அதன் பொந்தில்தான் கூடு. பெண் இருவாச்சி உள்ளே போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று இடைவெளிதான் இருக்கும். மாதக்கணக்கில் ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டினால்தான் அதற்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. இதைப் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்குப் படம் வரைந்து பாகம் குறித்து எழுதியவள் நான்.

ஜீப் ஓட்டிய செல்வம் அண்ணன் நூறு மீட்டர் தள்ளியே வண்டியை நிறுத்தினார். "இந்த வளைவிலயே நின்னுக்கலாமுங்க. கிட்டப் போனா அது சங்கடப்படும்."

மாமாவின் லென்ஸ் தாலி கட்டுவதை எடுக்கிற லென்ஸ், அங்கிருந்து எட்டவில்லை. "கொஞ்சம் முன்னாடி போயிட்டு வந்துடறேண்ணா" என்று மரத்தடிக்கே போய்விட்டேன். ஷபானாவும் பின்னாலேயே வந்தாள்.

7.12க்கு அது வந்தது. இறக்கைச் சத்தம் கேட்டு எனக்குப் புல்லரித்துவிட்டது. கூட்டுக்குப் போகாமல் எதிரே ஒரு பட்ட மரத்தில் உட்கார்ந்தது. அலகு நுனியில் ஒரு அத்திப்பழம். படபடவென்று எடுத்தேன். ஆனால் எனக்கு வேண்டியது ஊட்டுகிற படம், அதனால் அசையவில்லை. எட்டு மணி ஆனது. எட்டரை ஆனது. நடுவில் ஒரு தடவை கூடு வரைக்கும் வந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் அதே கிளையில் உட்கார்ந்தது.

"ஏய், அது நம்மளையே பாத்துக்கினு கீதுடி. வா, போலாம்."

"இருடி, அஞ்சே நிமிஷம்."

"உள்ள கீறது காத்தால இருந்து பட்டினியா?"

நான் கேமராவில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. பதில் எனக்குத் தெரியும்.

"நான் நோன்பு. நானா இஷ்டப்பட்டு இருக்கேன். அது இன்னாடி பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு, அவள் ஜீப்பைப் பார்த்து நடந்துவிட்டாள்.

நான் நின்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நின்றேன். 9.21க்கு அது பழத்தை விழுங்கிவிட்டுப் பள்ளத்தாக்கைத் தாண்டிப் பறந்து போனது. கேமராவில் இருக்கிற நேரம் அது, மாற்றிச் சொல்ல வழியில்லை. திரும்பும் வழியில் செல்வம் அண்ணன், "நாம போயிட்டம்ல, வந்துருமுங்க" என்று ஆறுதல் சொன்னார். வந்ததா என்று எனக்குத் தெரியாது. குஞ்சு இருந்ததா, பிழைத்ததா, அதுவும் தெரியாது. பாவி, பரீட்சைக்கு எழுதத் தெரிந்த எனக்கு மரத்தடியில் அதன்படி நடக்கத் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போகலாம். குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். நீண்ட லென்ஸ் இல்லையென்றால் பைனாகுலரோடு போங்கள், ஓட்டுநர் நிறுத்துகிற இடத்திலேயே நில்லுங்கள். பறவை வாயில் இரையோடு சும்மா உட்கார்ந்திருந்தால் உடனே கிளம்பிவிடுங்கள். அது காத்திருப்பது நீங்கள் போவதற்காக.

பழத்தோடு கிளையில் உட்கார்ந்திருந்த படத்தைத்தான் கண்காட்சிக்குக் கொடுத்தேன், முதல் பரிசு கிடைத்தது. அம்மா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கூடத்தில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். ரம்ஜான் பெருநாளன்று ஷபானா ஷீர் குருமா பாயசம் கொண்டுவந்தாள். அம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள்.

"பாரும்மா, வாயில பழத்தோட எவ்ளோ நேரம் ஆடாம அசையாம போஸ் குடுத்துருக்கு! இவளுக்காகவே உக்காந்த மாதிரி இல்ல?"

ஷபானா என்னைப் பார்த்தாள். நான் ஷீர் குருமா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆமாம்மா" என்றேன்.