கடன் ஆஸ்பத்திரி

சுங்கை சிப்புட் டவுனுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்துச் சந்தியில் இருக்கும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனவர்களுக்கெல்லாம் நல்லம்மாளைத் தெரியும். பத்து வருஷமாக வாசல் மேசையில் உட்கார்ந்து பெயர் பதிகிறவள். பிள்ளைத்தாய்ச்சி எவளாவது தன் பெயரை எடுத்துவிடச் சொன்னால் போச்சு. எழுந்து வந்து, ஏன், எதற்கு, யார் சொன்னார்கள் என்று குடைந்தெடுத்துவிடுவாள். கிறுக்கு என்பார்கள். கிறுக்கு இல்லை, பயம். கேட்கிறவளுக்குப் பின்னால் கதவோரம் இருளாயி நிற்பது அவளுக்குத் தெரியும். இருளாயி செத்து ஒன்பது வருஷமாகிறது.

கிளினிக்கைத் திறந்தது எழுபத்தாறில். ஈப்போவிலிருந்து வந்த அதிகாரி மலாய் மொழியில் பேசினார். ஏழை எளியவர்க்கும் வைத்தியம் கிடைக்க வேண்டும் என்று அரசாங்கம் வெளிநாட்டு வங்கியில் கடன் வாங்கி நாடெங்கும் இப்படிக் கட்டுகிறது, இந்தப் பாரத்தை எல்லாரும் சேர்ந்து சுமக்கிறோம் என்றார். அதைத் தமிழில் சொல்லும் வேலை நல்லம்மாளுக்கு. வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள், உடம்பில் புது உடுப்பு, எதிரே தோட்டமே திரண்டு நிற்கிறது. கேட்க வேண்டுமா?

“இது கடன் வாங்கிக் கட்டுன ஆஸ்பத்திரிலா. அந்தக் கடன நாம எல்லாரும் சேர்ந்துதான் கட்டணும். எல்லாரும் வந்து பேரு எழுதிக்குங்க!”

அதிகாரி கைதட்டினார். கூட்டம் தட்டவில்லை.

தோட்டத்தில் பெயர் எழுதுவது சும்மா காரியமா? மளிகைக் கடைப் பற்றுக்குப் பெயர் எழுதினால் சம்பளத்தில் பிடிப்பார்கள். திருவிழா வரிக்கு எழுதினாலும் பிடிப்பார்கள். நல்லம்மாளும் அதே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவள்தான், தெரிந்திருக்க வேண்டும். மேசையும் நாற்காலியும் கிடைத்த மிதப்பில் தோன்றவில்லை. ஒரே வாரத்தில் லயத்துக்காரர்கள் அதைக் கடன் ஆஸ்பத்திரி என்றார்கள். கேலி செய்கிறார்கள் என்று நினைத்து அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

இருளாயி அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி. ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டுகிறவள். தலைப்பிரசவத்தில் பிள்ளை தங்கவில்லை, ரத்தமும் நிறையப் போய்ப் பிழைத்ததே பெரிய பாடு. அதனால் இரண்டாவது முறை உண்டானபோது நர்ஸ் அவள் பெயரைச் சிவப்பு மையால் எழுத வைத்தாள். வலி கண்டதும் கிளினிக்குக்கு வந்துவிட வேண்டும், அங்கிருந்து வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

ஏழாம் மாதம் இருளாயி வந்து நின்றாள். அன்று தடுப்பூசி நாள், வரிசை ரோட்டுவரை நீண்டிருந்தது.

“அக்கா, என் பேர அடிச்சிடுங்கக்கா.”

“ஏன், வீட்டுலயே பெத்துக்கப் போறியா?”

“ஆமாக்கா. அவரும் அதான் சொல்றாரு. பேரு இல்லன்னா ஒண்ணும் இல்லதானே?”

“பேரு இல்லன்னா என்ன இருக்கு? நவுரு, பின்னால ஆளு நிக்குது.”

ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தாள் நல்லம்மாள். நர்ஸிடம் சொல்லவும் மறந்துபோனாள். இருளாயி பெரிய பாரம் இறங்கினவளாகச் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பைத்தான் நல்லம்மாளால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

மழை மாதத்தில் ஒரு நாள், காலையில் பால் எடுக்கும் நேரத்தில் வலி கண்டது. லயத்து மருத்துவச்சி பெண்குழந்தையை எடுத்துவிட்டாள், ரத்தத்தை நிறுத்த அவளால் ஆகவில்லை. கிளினிக் ஒரு கல் தூரம். நல்லம்மாள் மேசையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். பகல் பன்னிரண்டுக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டது. சேதி கேட்டு ஓடிப்போய் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள், பிடிவாதக்காரி என்று செத்தவளைத் திட்டவும் செய்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், இருளாயியின் புருஷன் சன்னாசி குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளினிக் வாசலில் வந்து நின்றான்.

“உள்ள வா சன்னாசி.”

“இருக்கட்டுங்கக்கா. ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். இருளாயி பேர நல்லா அடிச்சிட்டீங்களா? அவ மேல கடன் ஒண்ணும் நிக்கலதானே?”

“என்ன கடன்?”

“இந்த ஆஸ்பத்திரிக் கடன்தான்கா. பேரு எழுதிக்குங்க, எல்லாரும் கட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க? கடைப் பற்றுக்கே சம்பளம் பத்தல. ஆத்தா கடன் புள்ள தலையில விழக்கூடாதுன்னுதான் அவ அடிக்கச் சொன்னா.”

அவன் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நல்லம்மாள் தாங்கியிருப்பாள். பதிவேட்டை எடுத்து வந்து காட்டினாள். அவனுக்குப் படிக்கத் தெரியாது. கோட்டின் மேல் விரல் வைத்து, ஒரு எழுத்தும் தப்பவில்லையே என்று கடைசிவரை தடவிப் பார்த்தான்.

கடன் என்று ஒன்று யார் பேரிலும் இல்லை என்று அவனிடம் சொல்லிவிட வாயெடுத்தாள். சொன்னால், அப்படியானால் இருளாயி எதற்குச் செத்தாள் என்று கேட்பானே.

“ஒண்ணும் நிக்கலப்பா” என்றாள்.

“அப்ப சரிக்கா” என்று கும்பிட்டுவிட்டுப் போனான் சன்னாசி.