தலைசுற்றல் வேண்டி

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் பீச்சாங்குழலில் குளிர்ந்த நீரை உறிஞ்சி எடுத்ததும், அக்கா என் கையை இறுகப் பற்றியதும் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. எழுந்தாலே தலை சுற்றுகிற வயது எனக்கு வந்துவிட்டதால், இப்போது அடிக்கடி அந்த நாள் வந்து போகிறது.

அக்காவின் கணவர், என் மாமா, பாலோ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இடது காதில் பல வருடமாகச் சீழ். போகப்போகத் தலைசுற்றலும் சேர்ந்துகொண்டது. மாரியம்மன் திருவிழாவில் உறுமிச் சத்தத்துக்கு நடுவே ஆடிச் சரிந்தார். "ஆத்தா வந்துட்டா" என்று வேப்பிலையைக் கையில் கொடுத்து ஆளாளுக்குக் குறி கேட்டார்கள். அவர் வாய் திறக்கவில்லை. ஆத்தா கோபமாக இருக்கிறாள் என்று தொழிலாளர் வீட்டு வரிசையான லயமே நடுங்கியது. "எனக்கு ஆத்தாவையும் தெரியும், எம் புருசனையும் தெரியும். இது நோவு" என்றாள் அக்கா. எனக்கு அவள்மேல் அன்று வந்த மரியாதை இன்றும் குறையவில்லை. சுற்றல் நிற்கவேண்டும் என்று செவ்வாய்தோறும் விரதம் இருந்தாள். நின்றேவிட்டது. அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. பொங்கல் வைத்து லயம் முழுக்கக் கொடுத்தாள்.

பிறகு மாமாவுக்குக் காய்ச்சலும் காதுவலியும் கண்டன. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஜொகூர் பாருவுக்கு அனுப்பினார். தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலையில் இருந்த எனக்கு ஆங்கிலம் தெரியுமென்று அக்கா என்னையும் இழுத்துப் போனாள்.

காதுக்குப் பின்னால் எலும்பைச் சுரண்டிச் சீழை எடுக்கவேண்டும் என்றார் டாக்டர். அதற்கு முன் ஒரு சோதனை. காதுக்குள் குளிர்ந்த நீர் பட்டுத் தலை சுற்றினால் உள்காதுக்கு உயிர் இருக்கிறது, எலும்போடு நிறுத்திக்கொள்ளலாம். சுற்றாவிட்டால் சீழ் உள்காதையே தின்றுவிட்டது. மூளைக்குப் பக்கத்தில் வெட்டவேண்டும், பிழைப்பது கஷ்டம். சுற்றல் தானாக நின்றது அவருக்குப் பிடிக்கவே இல்லை.

தயங்கித் தயங்கித்தான் அதை அக்காவிடம் தமிழில் சொன்னேன். அக்காவின் முகம் செத்துவிட்டது.

"அப்ப நான் கேட்டு வாங்கினது இதைத்தானா தம்பி?"



நீர் காதுக்குள் போனது. ஒன்றும் நடக்கவில்லை. மாமா சாதுவாக மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அக்கா கண்ணை மூடி, "ஆத்தா, நீ குடுத்தத திருப்பி எடுத்துக்க. இவருக்குத் தலை சுத்தணும்" என்று முணுமுணுத்தாள்.

மாமாவின் கண்கள் பக்கவாட்டில் மெல்லத் துடிக்க ஆரம்பித்தன. கட்டிலைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, சுத்துதே" என்றவர் டாக்டரின் வெள்ளை அங்கி முழுக்க வாந்தி எடுத்தார். டாக்டர் சிரித்துவிட்டார்.

அக்கா ஓடிப்போய் முந்தானையால் மாமாவின் வாயைத் துடைத்தாள். ஊர் பார்க்கப் புருஷனைத் தொட்டறியாதவள், அத்தனை பேர் முன்னால் அவர் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சுத்தட்டும். நல்லா சுத்தட்டும். நான் புடிச்சிக்கிறேன்."