குழாயில் ஏறிய பெயர்

சுப்பராயன் கடலில் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்தும் அலையைக் கண்டால் குமட்டுகிற ஆள். குப்பத்தில் அவனைக் கேலி செய்யாத வாய் கிடையாது. கல்மண்டபம் பக்கம் ஒரு மோட்டார் பட்டறையில் பேட்டரிக்குத் திராவகம் ஊற்றப் போனவன், பட்டறைக்காரர் வாடகைக்கு விடும் ஒலிபெருக்கிச் செட்டுக்கே ஆளாகிவிட்டான். கடலை அவன் தம்பி எத்திராஜ் பார்த்துக்கொண்டான்.

செட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வால்வுகள் வைத்த இரும்புப் பெட்டி, கார் பேட்டரி, பாட்டுத் தட்டு சுற்றும் கிராமபோன், ஒரு மைக், வாய் பிளந்த தகரக் குழாய். அதற்குச் சுப்பராயன் பார்த்த பக்குவம்தான் பெரிது. முதலில் குழாயின் ஒயரைப் பூட்டுவான், அப்புறம்தான் பேட்டரியைத் தொடுவான். மாற்றிச் செய்தால் பெட்டி உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். உப்புக் காற்றில் பச்சை பூத்த முனைகளை அன்றாடம் சுரண்டி கிரீஸ் தடவுவான். ஈரக் கையோடு யார் வந்தாலும் எரிந்து விழுவான். அந்தச் சிடுசிடுப்பைப் பார்த்தே பலர் அவனை மதிக்க ஆரம்பித்தார்கள்.

முப்பத்தேழாம் வருஷ மார்கழியில் குப்பத்து அம்மன் கோயிலுக்குச் செட்டு முதல் முறையாக வந்தது. வந்த அன்று மாலை சுப்பராயன் டீ குடிக்கப் போன நேரத்தில், பெண்கள் கூடிச் செட்டுக்குப் பூசை போட்டார்கள். புது வலை, புதுக் கட்டுமரம் எது வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் அவர்கள் விட்டதே இல்லை. அம்மனுக்கு முன்னால் பேசப்போகிற சாமான் ஆயிற்றே என்று மைக்குக்குச் சந்தனத்தை அள்ளி அப்பினார்கள். திரும்பி வந்தவன் அதைப் பார்த்து வாய்க்குள் திட்டிக்கொண்டே துணியால் துடைத்தான். மைக்கின் பொடி ஓட்டைகளுக்குள் போனதைத் துணி எப்படித் துடைக்கும்?

மறுநாள் விடிந்தபோது கடலைக் காணோம். பனி அப்படி இறங்கியிருந்தது. இருட்டோடு போன கட்டுமரங்கள் கரை தெரியாமல் எங்கோ நின்றன. துறைமுகத்துக்கு வரும் கப்பல் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. கரையில் தீ மூட்டினார்கள். அது கரையில் நின்றவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. பாட்டு போட்டால் சத்தம் பிடித்து வந்துவிடுவார்கள் என்று சுப்பராயன் தட்டைச் சுழலவிட்டான். கொஞ்சம் பொறுத்துக் காதைத் தீட்டினான். வடக்கே அடுத்த குப்பத்துக் கோயிலிலும் அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு குப்பத்துக்கும் நடுவே கருங்கல் கொட்டிய கரை. எந்தப் பாட்டு எந்த ஊர் என்று தெரியாமல் நடுவில் வந்தால் மரம் சிதறிப்போகும். எத்திராஜும் அவன் கூட்டாளி திருமலையும் போன மரமும் வெளியேதான் இருந்தது.

பாட்டை நிறுத்தி மைக்கை எடுத்தான். மைக் பேசவில்லை. பாட்டு வந்ததென்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது, வால்வும் குழாயும் நன்றாக இருக்கின்றன; கோளாறு மைக்கில்தான் என்று அவனுக்குப் புரிந்தது. ஒயரை உருவிப் பார்த்தான், குறையில்லை. மூடியைக் கழற்றினான். உள்ளே குரலைப் பிடிக்கும் கரித்தூள் சந்தனத் தண்ணீரில் நனைந்து கட்டியாகி இருந்தது. கரையில் மூட்டிய தீயின் ஓரத்தில் காட்டி, விரலால் தட்டித் தட்டி உதிர்த்தான். விரலில் சூடு பட்டதுகூடத் தெரியவில்லை. மூடிப் பூட்டியதும் குழாய் கரகரத்து உயிர்பெற்றது.

தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினான். ஆண் பிள்ளையின் அடித்தொண்டை அந்தத் தகரத்தில் சரியாக ஏறாது, கூரான பெண் குரல் ஏறும் என்பது அவன் கண்டறிந்த சங்கதி. எத்திராஜின் மனைவி பச்சையம்மா தெருத்தெருவாக மீன் விற்கிறவள். அவள் குரலுக்கு நாலு தெரு எழுந்திருக்கும். மைக்கை அவளிடம் நீட்டினான். அவள், "இந்தாய்யா, இங்க வாய்யா" என்றாள்.

"அந்தக் குப்பத்துலயும் பொம்பளைங்க அப்டித்தாம்மா கூப்புடுவாங்கோ. பேரச் சொல்லு" என்றான் சுப்பராயன்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது குப்பத்தில் எல்லாப் பெண்களும் நம்பிய விஷயம். கல்யாணமான நாளிலிருந்து அவள் நாக்கில் அந்தப் பெயர் வந்ததில்லை. சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, "எத்திராஜு" என்றாள். பிறகு நிறுத்தவேயில்லை. தொண்டை கட்டும்வரை அந்த ஒரு பெயரைத்தான் பனிக்குள் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மரம் வந்தது. கருங்கல்லைத் தொடாமல் நேராக அவர்கள் கரைக்கே வந்தது. துடுப்பு போட்டவன் திருமலை. எத்திராஜ் விழாதபடி மரத்தோடு கட்டப்பட்டுக் கிடந்தான். பனிக்குள் உரசிப்போன கப்பலின் அலையில் மரத்தைப் பிணைத்த கயிறு அறுந்து, ஒரு கட்டை அவன் நெஞ்சில் அடித்திருந்தது. உயிர் இல்லை.

பச்சையம்மாவின் முதுகுக்குப் பின்னால் பேச்சு கிளம்பியது. பேரைச் சொன்னாள், ஆளைத் தின்றுவிட்டாள் என்று யாரோ சொல்ல, இன்னொருத்தி ஆமாம் போட்டாள். தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த சுப்பராயன் எழுந்தான். எப்போது செத்தான் என்று திருமலையைக் கேட்டான். திருமலை பதில் சொல்லத் தொடங்கியதும் கையமர்த்தி, ஒயரை இழுத்துக்கொண்டு போய் மைக்கை அவன் வாய்க்கு நேராகப் பிடித்தான்.

திருமலையின் குரல் கரகரவென்று கரை முழுவதும் கேட்டது. "அடி பட்டது முன்னாடியேப்பா. இவ கொரலு அப்பால தான் வந்துச்சு. கண்ணத் தொறந்து கேட்டுக்கினே இருந்தான். 'இத்தினி நாளா எம் பேர எங்க வச்சிருந்தா இவ'ன்னான். சிரிச்சான். அப்பால பேசல."