ஆமைக்கு ஒரு கதவு

எங்கள் பட்டறையில் செய்வதெல்லாம் யாரையும் உள்ளே விடாமல் இருப்பதற்கான சாமான்கள். ஜன்னல் கிரில், காம்பவுண்டு கேட், பால்கனிக் கம்பி, கடைக்கு மடக்குக் கதவு. கோயம்புத்தூரில் கணபதி பக்கம் ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட இடம். நானும் பாயும் பங்கு. பாய் கோட்டைமேட்டுக்காரர். வெல்டிங் அவர் கை, பேச்சு என் வாய் என்று சந்துக்குள் சொல்வார்கள். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பிறகு படித்ததெல்லாம் பட்டறைக்கு வருகிறவர்களின் பேச்சிலிருந்துதான். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டு அம்மா, நாங்கள் மாட்டிய கேட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா வாங்கன்னு கூப்புடற மாதிரி இல்லீங்களே" என்றார். அப்படி ஒரு வார்த்தை கிடைத்த நாளில் எனக்குச் சோறு ஒரு பிடி அதிகமாகவே இறங்கும்.

அந்த இடத்துக்குத்தான் ஒரு சித்திரை மாத மதியத்தில் நாகப்பட்டினத்திலிருந்து அவர் வந்தார். நாற்பதை ஒட்டிய வயது. சொந்தமாக விசைப்படகு வைத்துத் தானே ஓட்டிக் கடலுக்குப் போகிறவர். மீன்கள் இனப்பெருக்கம் செய்கிற காலம் என்று வருடா வருடம் படகுகளைக் கரையில் நிறுத்திவைக்கிற தடைக்காலம் அது. கை சும்மா இருந்ததால் ஊர் தாண்டி வர முடிந்திருக்கிறது. எங்கள் சந்தில் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை பார்க்கும் அவருடைய சொந்தக்காரர்தான் எங்களைக் கைகாட்டி விட்டிருந்தார்.

"அண்ணே, ஆமைக்கு ஒரு கதவு செய்யணும்" என்றார்.

பாய் முகமூடியை மேலே தூக்கிவிட்டு, "ஆமை எந்தத் தெருவுல குடியிருக்குதுங்க?" என்று கேட்டார்.

வந்தவர் கோபித்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து வரைபடத்தை எடுத்து எங்கள் வேலை மேஜையில் விரித்தார். இறாலுக்குப் போடுகிற இழுவலை நீளமான பை மாதிரி இருக்கும். அதன் வால்பக்கத்துக்கு மடி என்று பெயர். பிடிபடுவதெல்லாம் மடியில் போய்ச் சேரும். இறாலோடு சேர்ந்து கடலாமையும் உள்ளே வந்துவிட்டால் மாட்டிக்கொள்ளும். ஆமை மூச்சுவிட நீருக்கு மேலே வந்தாக வேண்டுமாம். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மடிக்குள் கிடந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதனால் வலையின் தொண்டையில் முட்டை வடிவத்தில் ஒரு கம்பிச் சட்டத்தைச் சாய்வாக வைத்துக் கட்டவேண்டும். இறால் கம்பி இடுக்கில் நுழைந்து மடிக்குப் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, சரிவில் மேலே ஏறி, அங்கே வலையில் வெட்டிவைத்திருக்கும் ஓட்டையைக் கதவு மாதிரி மூடியிருக்கும் வலை மடிப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும்.

"இந்தக் கதவு இல்லாத வலையில புடிச்ச இறாலு வேண்டாம்னுட்டான் அமெரிக்காக்காரன். வெலை வுழுந்துபோச்சு. எனக்கும் மொதல்ல கோவந்தாண்ணே. எங்க கடலு, எங்க வலை, அவன் யாரு கேக்கறதுக்குன்னு. அப்பறம் அவங்க ஊரு விஞ்ஞானியும் நம்ம ஊரு விஞ்ஞானியும் ஒண்ணா ஒக்காந்து, நம்ம வலைக்குத் தோதா அளவு போட்டுக் குடுத்தாங்க. யோசிச்சுப் பாத்தேன். ஆமை நம்ம கரையில முட்டை போட்டுட்டு எங்கெங்கயோ மேயப் போவுது. இங்க நாங்க காப்பாத்தி அங்க அவன் கொன்னாலும் போச்சு. அங்க அவன் காப்பாத்தி இங்க நாங்க கொன்னாலும் போச்சு. எல்லாரும் செஞ்சாத்தான் உண்டு."

"எல்லாரும்னா யாருங்க மொதல்ல?" என்றேன்.

"அதாண்ணே வெனை" என்று சிரித்தார்.

துறைமுகத்தில் அதிகாரிகள் கூட்டம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். முதலில் மாட்ட யாரும் முன்வரவில்லை. இவர் எழுந்து, தடைக்காலம் முடிந்ததும் முதலில் என் படகில் மாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். அங்கேயே உட்கார்ந்திருந்த இவருடைய கூடப்பிறந்த அண்ணன், அவருக்கும் படகு உண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஆமைக்கு வாசலைத் தொறந்து வுட்டா இறாலு மட்டும் உள்ளயே குந்திக்கிட்டு இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். கூட்டமே சிரித்திருக்கிறது.

"மொதப் பயணத்துல இறாலு கொறைஞ்சுதுன்னா அவ்ளோதாண்ணே. எங்க துறையில அப்பறம் ஒரு படகுகூட இதைத் தொடாது. என் பேச்சும் எடுபடாது" என்றார். அரசாங்கம் கொடுப்பதாகச் சொன்ன சட்டம் எப்போது வந்து சேரும் என்று தெரியாததால் தானே செய்துகொள்ள வந்திருந்தார்.

இப்படி ஒரு மனிதரைச் சும்மா அனுப்ப முடியுமா? ஏற்றுக்கொண்டோம். எங்கள் குணப்படியே செய்தோம். வரைபடத்தில் நெட்டுக் கம்பிகள் மட்டும்தான் இருந்தன. பாய் அதைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார்.

"குறுக்குப் பட்டையை வரைய மறந்துட்டாங்க மாப்ளே. வெறும் நெட்டுக் கம்பி மட்டும் நின்னா ஆடும். ஒரு ஒதை உட்டா வளைஞ்சுபோகும். நம்ம பட்டறையில இருந்து அப்படி ஒரு சாமான் வெளிய போகலாமா?"

போகக்கூடாது என்றுதான் நானும் சொன்னேன். இரண்டு குறுக்குப் பட்டை ஏறியது. சட்டத்துக்கு வரைபடம் சொன்னதைவிடக் கனமான பைப்பை, அவரிடம் பேசிய அதே விலைக்கு, நானே வாங்கிப் போட்டேன். கடைசியில் பாலீஷ் பிடித்து முகம் தெரிகிற மாதிரி ஆக்கி, சுவரோரம் சாய்த்து வைத்தோம். போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

நாகப்பட்டினத்துக்காரர் வந்தார். சுற்றிப் பார்த்தார். குனிந்து தூக்கப் பார்த்தார். விட்டுவிட்டார்.

"அண்ணே, இது ஜெயில் கதவுண்ணே. ஆமை என்ன கொலையா பண்ணிருச்சு?"

பாய்க்கு முகம் சுண்டிவிட்டது. குறுக்குப் பட்டையில் ஆமையின் துடுப்பு மாட்டிக்கொள்ளும், குப்பை அடைக்கும், இந்தக் கனத்துக்கு வலையே சேற்றில் உழும் என்று அவர் சொல்லச் சொல்ல, பாய் பட்டை இல்லாவிட்டால் கம்பி வளையும் என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் டீ வாங்கி வந்தேன். டீ ஆறியதே தவிர வாதம் ஆறவில்லை. கடைசியில் பாய்தான் ஒரு வழி சொன்னார்.

"சரிங்க. நீங்க சொல்ற மாதிரியே லேசா, பட்டை இல்லாம ஒண்ணு செஞ்சு தாரேன். ரெண்டையும் ஓடற தண்ணியில போட்டுப் பாப்போம். வளைஞ்சா நீங்க ஒத்துக்கோணும்."

"வளையலன்னா?"

"வளையலைன்னா நான் உங்க கடலுக்கே வந்து ஆமைகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

ஓடுகிற தண்ணீருக்கு எங்கே போவது? உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் என் தங்கைக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்பை ஒட்டி அமராவதி வாய்க்கால். காய்கிற பயிருக்கு உயிர்த்தண்ணி விட்டிருக்கிறார்கள் என்று அவள் முந்தின நாள்தான் போனில் சொல்லியிருந்தாள். இரண்டாவது சட்டமும் தயாரானதும், இரண்டையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வலையோடு வந்திருந்த நாகப்பட்டினத்துக்காரரையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கினோம்.

தங்கை வண்டியை எட்டிப் பார்த்தாள். "ஏனுங்ணா, வாய்க்காலுக்குக் கேட்டுப் போடப் போறீங்களா? கடைமடைக்காரங்க கடப்பாறையோட வந்துபோடுவாங்க."

விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. வலைக்குள் போடுவதற்கு இறாலுக்கும் ஆமைக்கும் எங்கே போவது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, அவளே ஒரு கூடைக் கத்தரிப் பிஞ்சையும் ஒரு பலாப்பழத்தையும் கொண்டுவந்து வைத்தாள்.

நாகப்பட்டினத்துக்காரர் ஒரு கத்தரிப் பிஞ்சை எடுத்துப் பார்த்தார். "இவ்ளோ பெரிய இறாலு கெடைச்சா நான் ஏங்க்கா இங்க வந்து நிக்கிறேன்?"

அவரும் பாயும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, வலையின் வாயை இரண்டு கரைத் தென்னைகளுக்கும் இழுத்துக் கட்டினார்கள். அந்த நேரம் பார்த்து மொபெட்டில் லஸ்கர் வந்துவிட்டார். வாய்க்கால் தண்ணீரைக் கவனித்துக்கொள்கிறவர்.

"ஏனுங்க, வாய்க்கால்ல வலை போடக் கூடாதுங்க."

"மீன் புடிக்கலீங்க. ஆமையைத் தப்பிக்க உடறோம்" என்றேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். "இங்க ஆமை இல்லீங்களே."

"இந்தப் பலாப்பழந்தானுங்க ஆமை."

லஸ்கர் என் முகத்தைப் பார்த்தார், பலாப்பழத்தைப் பார்த்தார். பிறகு மொபெட்டை ஸ்டாண்டு போட்டுவிட்டு வாய்க்கால் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார். "தண்ணி பின்னால ஏறுனா அவுத்துப் போடோணும். அது வரைக்கும் நானும் பாத்துக்கறேன்."

முதலில் பாயின் ஜெயில் கதவு. அதைக் கட்டியதுமே வலையின் தொண்டை தரையோடு படுத்துவிட்டது. தங்கை மேல்பக்கமிருந்து கூடையைக் கவிழ்த்தாள். கத்தரிப் பிஞ்சுகள் கும்பலாக மிதந்து வந்தன. சில உள்ளே போயின. மிச்சம் குறுக்குப் பட்டையில் தங்க, அதன்மேல் தென்னஞ்சோகையும் நாரும் வந்து அடைக்க, சட்டம் சுவராகிவிட்டது. பலாப்பழம் ஆடி அசைந்து வந்து, காம்பைப் பட்டை மூலையில் செருகிக்கொண்டு நின்றது. நின்றது நின்றதுதான்.

"ஆமை அங்கயே பழுத்துப்போயிரும் போல இருக்குதுங்ணா" என்றாள் தங்கை.

தண்ணீர் ஏறுவதைப் பார்த்து லஸ்கர் எழுந்தார். எல்லோருமாகச் சேர்ந்து இழுத்துக் கரையில் போட்டோம். லேசான சட்டத்தைப் பாயே தொண்டையில் வைத்துக் கட்டினார்.

இந்த முறை பிஞ்சுகள் நிற்கவே இல்லை. கம்பி இடுக்கில் நுழைந்து மடிக்குப் போய்க்கொண்டே இருந்தன. பலாப்பழம் வந்தது. முட்டியது. சரிவில் ஏறியது. மேலே மடிப்பு வலையைத் தொட்டதும் அப்படியே நின்றுவிட்டது. தள்ளவும் இல்லை, திரும்பவும் இல்லை. நாகப்பட்டினத்துக்காரரின் முகத்தில் இருந்த தெளிச்சி போய்விட்டது. அண்ணன் கேட்ட கேள்விக்குக் கூட்டம் சிரித்த சிரிப்பு அவர் காதில் கேட்டிருக்கும்.

தங்கைதான் கரையிலிருந்து கேட்டாள். "ஏனுங்க, உங்கூரு ஆமைக்கு முள்ளு இருக்குதுங்களா?"

"இல்லக்கா. ஓடு வழவழன்னு இருக்கும்."

"அப்பறம் என்னத்துக்குங்க முள்ளாமையை உட்டுப்போட்டு மொகத்தைத் தொங்கப்போடறீங்க?"

பலாப்பழத்தை எடுத்துக் காலி உரச்சாக்கில் போட்டு இறுக்கிக் கட்டினாள். மறுபடி விட்டாள். வந்தது, முட்டியது, சறுக்கிக்கொண்டு ஏறியது, மடிப்பைத் தள்ளிக்கொண்டு பொத்தென்று வெளியே போனது. நாங்கள் கை தட்டிக்கொண்டிருந்தோமே தவிர, கீழ்ப்பக்கம் பிடிப்பதற்கு ஆள் நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. லஸ்கர்தான் மொபெட்டை உதைத்துக் கரையோரமாகவே துரத்திக்கொண்டு போனார்.

மடியை அவிழ்த்துக் கூடையில் கொட்டினோம். நாகப்பட்டினத்துக்காரர் குந்தி உட்கார்ந்து, கூடை எதுவரைக்கும் நிறைகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட வாய்மட்டம் வந்துவிட்டது. கூடையின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தார். அந்தப் பக்கம் பாய் சட்டத்தைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக நோட்டம் பார்த்தார்.

"வளையலை மாப்ளே" என்றார் என்னிடம். பிறகு அவரிடம் திரும்பி, "கடலுக்கு எப்பங்க வரோணும்?" என்று கேட்டார். சொன்ன முகத்தில் வருத்தத்தைத் தேடினாலும் கிடைக்காது.

இறாலெல்லாம் அன்றைக்குக் குழம்பானது. ஆமையைப் பிடித்துக்கொண்டு வந்த லஸ்கருக்குப் பெரிய பங்கு போனது. ஜெயில் கதவு தங்கையின் ஆட்டுப்பட்டிக்கு வாசலாகிவிட்டது. அந்தப் பக்கத்திலேயே பாலீஷ் பிடித்த பட்டி அது ஒன்றுதான்.

அதற்கு முன்பெல்லாம் டிவியில் பெருங்கடல்களைக் காப்பது பற்றி நாடுகள் கூடிப் பேசுகிற செய்தி வந்தால், எனக்கு அது சாப்பாட்டு நேரத்துச் சத்தம். இப்போது ரிமோட்டைத் தேடிச் சத்தத்தைக் கூட்டுகிறேன். கொடியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களில் யார் எழுந்து நின்று, முதலில் நான் செய்கிறேன் என்று சொல்லப்போகிறார்கள் என்று பார்க்கிறேன். அப்படிச் சொல்கிற நாட்டுக்கும் பக்கத்து நாற்காலியில் ஓர் அண்ணன் இருப்பார். எல்லோரையும் சிரிக்கவும் வைப்பார். அதையும் தாங்கிக்கொண்டுதான் நிற்க வேண்டியிருக்கும்.

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்விட்டன என்று செய்தியில் பார்த்தோம். நாங்களாகப் போன் போடக்கூடாது என்று பேசிவைத்திருந்தோம். ஆனாலும் பாய் காலையில் வந்ததும் முகமூடியை மாட்டுவதற்கு முன், "பேசுனாரா?" என்பார். இல்லை என்பேன். வேலை ஓடும்.

ஒரு மத்தியானம் வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. பின்னால் காற்றும் இஞ்சின் சத்தமும்.

"அண்ணே, நல்லாருக்கீங்களா? மடி நெறைஞ்சுதுண்ணே. போன வருசம் மொதப் பயணத்துக்கு ஒண்ணும் கொறையல. வலையை இழுக்கறப்போ படகுக்குப் பின்னால ஆமை ஒண்ணு மேல வந்து மூச்சு வுட்டுட்டுப் போச்சு. எங்க வலையிலேர்ந்துதான் வந்துச்சான்னு சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன். ஆனா மடியில இல்ல. அண்ணன் கரையில வந்து சட்டத்தை ஒத்தக் கையால தூக்கிப் பாத்தாரு. சாயங்காலமா வந்து அவரு வலையோட அளவைச் சொல்லிட்டுப் போனாரு. அதே மாதிரி இன்னொண்ணு போடுங்கண்ணே. பட்டை வேண்டாம். பாயைக் கேட்டேன்னு சொல்லுங்க. ஆமை காத்துக்கிட்டு இருக்குன்னும் சொல்லுங்க."

பாய் மறுபடியும் ஒரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு கம்பிக் கட்டிலிருந்து ஒரு கம்பியை உருவி, ஒரு கண்ணை மூடி நோட்டம் பார்த்தார்.

"நாகப்பட்டினத்துக்கு டிக்கெட்டுப் போட்டுரு மாப்ளே" என்றார். "அண்ணங்காரரோடதையும் கையோட கொண்டுபோயிருவோம்."