தொட்டுப் பாத்தீங்களா டாக்டர்?

நான் அறுவை சிகிச்சை டாக்டர். இதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

பஷீர் பாய்க்குத் தி.நகரில் துணிக்கடை. குடலில் புற்றுநோய்க் கட்டி என்று அடையாறில் என்னிடம் வந்தார். வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு, கேமராவைப் பார்த்தே கட்டியை எடுத்தேன். அங்கே பரவியிருக்கிறதா என்று கல்லீரலையும் திரையில் பார்த்தேன். பளபளவென்று இருந்தது.

மறுநாள் கல்லீரல் சுத்தம் என்று சொன்னதும் கேட்டார்: "கல்லீரலைத் தொட்டுப் பாத்தீங்களா டாக்டர்? நான்லாம் தொட்டுப் பாக்காம ஒரு மீட்டர் துணிகூட எடுக்க மாட்டேன்."

"கேமராவுல எல்லாம் பெருசாத் தெரியும் பாய். தொடவே வேணாம்" என்று சிரித்தேன். அவ்வளவு திமிர் எனக்கு.

ஒரு வருஷம் கழித்து வலியோடு வந்தார். ஸ்கேனில் கல்லீரலில் ஏதோ நிழல். அதற்குள் எங்களுக்குப் புதுக் கருவி வந்திருந்தது. அதன் முனை உள்ளே எதை அழுத்தினாலும், அது மெத்தென்று இருக்கிறதா, கெட்டியா என்பது வெளியே கைப்பிடியில் என் விரலுக்குத் தெரியும்.

மறுபடி துளை போட்டு, அதால் கல்லீரலை அழுத்தினேன். திரையில் அதே பளபளப்பு. விரலில் கல். கொஞ்சம் நகர்த்தினேன், இன்னொரு கல். எங்கே அழுத்தினாலும் கல். எடுக்க வழியே இல்லை. தைத்து மூடிவிட்டேன்.

போன வருஷமே இருந்ததா? தெரியாது. அன்று நான் தொடவில்லை என்பது மட்டும் தெரியும்.

கண் விழித்ததும் அவர் கேட்டது இதைத்தான்: "இந்த வாட்டி தொட்டுப் பாத்தீங்களா டாக்டர்?"

"பாத்தேன் பாய்."

"அப்பாடா! அது போதும்" என்று என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு அது நல்ல செய்தியாகக் கேட்டிருக்கிறது. மீதியைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.